பதினோராம் நாள் பை கலங்கியது

எர்காஷ் மாமா கடைசியில் தலையாட்டிவிட்டார் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். அந்த ஒரு தலையாட்டலுக்காக சய்யோரா ஆறு மாதம் மல்லுக்கட்டினாள். மாமனாரும் மருமகளும் தினமும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே சண்டை போட்டார்கள். கோகந்து நகரின் ஓரத்தில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள் எழுப்பப்போகும் புது மருந்துக் கூடத்தில் எவர்சில்வர் தொட்டி வைப்பதா, பிளாஸ்டிக் பை வைப்பதா என்பதுதான் சண்டை.

இதெல்லாம் ஒரு சண்டையா என்று கேட்காதீர்கள். மருந்தைச் சுரக்கும் உயிர்ச் செல்களை அதற்குள்தான் வளர்க்க வேண்டும். தொட்டி என்றால் முப்பது வருஷம் உழைக்கும். ஆனால் நீராவிக்கு ஒரு குழாய், கழுவுவதற்கு ஒரு குழாய், கழுவியது சுத்தம்தான் என்று நிரூபிக்கக் கட்டுக்கட்டாகக் காகிதம், எல்லாம் முடிந்து முதல் மருந்து வெளியே வர நாலு வருஷம் ஆகும். பை என்றால் ஆளுயரப் பை. கிருமி நீக்கி, மடித்து, மூன்று உறை போட்டு வெளிநாட்டிலிருந்து வரும். எவர்சில்வர் கூண்டுக்குள் விரித்து, ஒரு தடவை வளர்த்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான். அடுத்த வருஷமே மருந்து கிடைக்கும்.

அது ரத்தத்தை உறையவைக்கும் மருந்து. அது இல்லாமல் நடக்க முடியாமல் கிடப்பவன் சய்யோராவின் புருஷன் பஹ்ரோம். ஆக, அவளுக்கு இது தொட்டிச் சண்டையும் இல்லை, பைச் சண்டையும் இல்லை. தன் வீட்டுக்காரரின் முழங்காலுக்காகப் போட்ட சண்டை.

"பதினாலு நாள் பையில வளத்துக் காட்டு. கெடாம வந்தா நான் பைக்குக் கையெழுத்துப் போடறேன். கெட்டா தொட்டி. அதுக்கப்புறம் யாரும் வாயைத் தொறக்கக் கூடாது" என்று மாமா சொல்லியிருந்தார்.

இன்று பதினோராம் நாள்.

காலை ஏழு மணிக்கே வெயில் முற்றத்தைப் பிடித்துக்கொண்டது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டிலில் பஹ்ரோம் காலை நீட்டிக் கிடந்தான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற மனிதன். போன மாதம் படியில் லேசாகக் கால் இடறியதற்கு முழங்காலுக்குள் ரத்தம் கட்டியது. அது வடிவதற்குள் நேற்று மறுபடியும் கட்டிவிட்டது.

"தோட்டத்துல முலாம்பழம் காய்க்கலைன்னு அம்மா புலம்பினாங்களே, இங்க வந்து பாக்கச் சொல்லு. நல்லாப் பழுத்திருக்கு" என்று முழங்காலைக் காட்டினான்.

"வாயைக் கழுவுங்க. காலங்கார்த்தால பேச்சைப் பாரு." சய்யோரா ஐஸ் மூட்டையை மாற்றி வைத்தாள். அவன் பல்லைக் கடிப்பதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் இருந்த கடைசி மருந்துக் குப்பி திங்கட்கிழமையே தீர்ந்துவிட்டது. அதுவும் பாதி அளவுதான். வெளிநாட்டிலிருந்து வரும்போதுதான் வரும். இதே மூட்டில் இன்னும் இரண்டு தடவை ரத்தம் கட்டினால் எலும்பு பூட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த மருந்தும் அதை மடக்காது என்று டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டாள்.

மாமியார் சலோமத் அத்தை ஊர் வழக்கப்படி தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, திரும்பக் கெட்டிலில் கொட்டி, மூன்றாவது தடவை மகனிடம் நீட்டினாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கு அது? நல்லா வளருதா?"

அது என்றால் பை. பிள்ளை பெற்ற வீட்டில் விசாரிப்பதைப் போல அத்தை தினமும் விசாரிப்பாள்.

"நல்லா இருக்கு அத்தை. இன்னும் மூணே நாள்" என்று சய்யோரா சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ஆய்வுக்கூடத்து மலோஹத்.

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம் வாங்க. மாதிரி எடுத்தேன். கலங்கியிருக்கு."

சய்யோரா செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, மல்பெரி மரங்களுக்குக் கீழே ஓட்டமும் நடையுமாகப் போனாள். பத்து நிமிஷ நடை, அன்றைக்கு நாலு நிமிஷத்தில் முடிந்தது.

மலோஹத் குப்பியை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். நேற்றுவரை ரோஜா நிறத்தில் இருந்த கரைசல் மஞ்சளடித்து, திரிந்த பாலைப் போல இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டை உருண்டையான செல்களுக்கு நடுவே பொடிப்பொடியாக என்னென்னவோ நெளிந்தன. கிருமி. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஐந்நூறு லிட்டரும் சாக்கடைக்குத்தான்.

"ஐயோ" என்றாள் சய்யோரா.

எர்காஷ் மாமா வந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குனிந்து, வெகுநேரம் நுண்ணோக்கியில் பார்த்தார். பழைய தடுப்பூசி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் தொட்டிகளோடு வாழ்ந்தவர். அவர் முகத்தில் ஒரு துளி சந்தோஷம் தெரிந்திருந்தால்கூட அவளுக்குக் கோபப்பட ஒரு பிடி கிடைத்திருக்கும். தெரியவில்லை.

"தக்காளி வாங்கற பையில மருந்து வளக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்."

"மாமா, ஒரு தடவை தவறினதுக்கு..."

"நாலு மணிக்குத் தலைநகரத்துலேர்ந்து குழு வருது. மூணு நாள் கழிச்சு வர்றதா இருந்தவங்க, முன்னாடியே வந்து நிக்கறாங்க. கட்டடத்துக்கு அனுமதி ஒரு தடவைதான் தருவாங்க. தொட்டியா பையான்னு நான் எழுதிக் கொடுத்தாகணும்."

"பைன்னு எழுதுங்க மாமா. அவரு கால்..."

"நான் என்ன அவனுக்கு எதிரியா?" மாமாவின் குரல் உடைந்தது. "எல்லையை மூடினாங்களே, அந்த வருஷம் ரெண்டு மாசம் ஒரு பஞ்சு உருண்டைகூட வரலை, மறந்துட்டியா? விமானம் நின்னா உன் பையும் நின்னுடும். தொட்டி ஒரு தடவை வந்தா வந்ததுதான். அவனுக்கு நாப்பது வருஷத்துக்கு மருந்து வேணும்மா. ஒரு வருஷத்துக்கு இல்ல."

"நாப்பது வருஷம் நடக்கணும்னா அடுத்த வருஷம் கால் இருக்கணுமே மாமா!"

இருவருமே சரியாகத்தான் சொன்னார்கள். அதுதான் பாழாய்ப்போன சங்கடம்.

மாமா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நாலு மணி வரைக்கும் நேரம் தர்றேன். எதனால கெட்டுச்சுன்னு கண்டுபிடி. பை தானாக் கெட்டிருந்தா தொட்டி. வேற காரணம்னா வந்து சொல்லு, கேக்கறேன்."

மருந்தாகியிருக்க வேண்டியதை எல்லாம் கொதிகலனுக்குத் திருப்பி, கிருமியோடு சேர்த்துக் கொன்றார்கள். வற்ற வற்றப் பை கூண்டுக்குள் சுருண்டு விழுந்தது. சய்யோரா வெள்ளை அங்கி, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். பைக்குள் காற்றை நிரப்பச் சொல்லி, சோப்புத் தண்ணீரைத் தடவித் தடவி, ஓர் ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். முகமூடிக்குள் வியர்வை வழிந்து கண்ணைக் கரித்தது. பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று.

பையின் தலைமாட்டில், கரைசல் எட்டாத உயரத்தில், ஒரு குமிழி வந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குமிழி.

"வரும்போதே கிழிஞ்சிருந்திருக்குமோ அக்கா?" என்று கண்ணாடிக்கு வெளியேயிருந்து மலோஹத் கேட்டாள்.

"கிழிசல் இப்படி ஜோடியா வராது."

கட்டைவிரல் நகத்தளவு இடைவெளி விட்டு, ஊசி முனை அளவில் இரண்டு துளைகள். ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வந்திருக்கிறது. அது என்னவென்று சய்யோராவுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் புரியும். பிறந்த குழந்தையின் துணியில், புது மாப்பிள்ளையின் சட்டையில், புதுக் காரின் இருக்கையில் என்று எல்லாவற்றிலும் குத்துகிற ஊக்கு. அதில் ஒரு திருஷ்டி மணி தொங்கும்.

அந்த இடத்தை வெட்டியெடுத்துக்கொண்டு நேரே கிடங்குக்குப் போனாள்.

கிடங்குக்காரர் துர்சுன் மேசையில் தர்பூசணியை வெட்டி வைத்து, ரொட்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு துண்டை நீட்டினார்.

"துர்சுன் அண்ணே, பையோட வெளி உறையைப் பிரிச்சது நீங்கதானே?"

"நான்தான். நீ எழுதி ஒட்டியிருந்தபடி கையெல்லாம் கழுவிட்டுத்தான் பிரிச்சேன்."

"அதுல ஏதாவது குத்தியிருந்துச்சா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். இழுப்பறையைத் திறந்து, ஊக்கில் கோத்த கறுப்பு மணி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளைப் புள்ளிகள் போட்ட மணி.

"உறையோட சேத்து எரிக்கப் பாத்தேன். திருஷ்டி மணியை எரிக்கலாமா, பாவமில்லையான்னு எடுத்து வெச்சேன். உங்கிட்டச் சொன்னா திட்டுவே."

"யார் குத்தினது?"

"என்னைக் கேட்டா?"

"அண்ணே, விளையாடாதீங்க. அவரு காலே போயிடும் போல இருக்கு."

துர்சுன் தர்பூசணியைத் தள்ளி வைத்தார். "வசந்த காலத்துல பெட்டி வந்து இறங்குச்சே, அன்னைக்கு முதலாளியம்மா சாப்பாடு கொண்டுவந்தாங்க. ஒரே ஒரு தடவை பாக்கறேன்னு கேட்டாங்க. பெத்த பிள்ளைக்கான மருந்து அதுல வளரப்போகுதுன்னு சொல்றப்ப எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது? நான் திரும்பி நின்னு தேநீர் ஊத்திக்கிட்டிருந்தேன்."

சய்யோராவுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதுதான் உண்மை. பை தானாகக் கெடவில்லை! மாமா கேட்ட காரணம் கையில் இருக்கிறது. நாலு மணிக்கு இந்த மணியை மேசைமேல் வைத்தால் போதும். அடுத்த நொடியே அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

அத்தை அடுக்களையில் குழுவுக்காக சம்சா செய்துகொண்டிருந்தாள். கொழுப்பும் வெங்காயமும் வைத்து மடித்து, தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டி ஒட்டி, கை முட்டி வரை சிவந்திருந்தது.

"வாம்மா. முகமே சரியில்லையே. சாப்பிட்டியா?"

"அத்தை, நீங்க அந்தப் பையைப் பாத்திருக்கீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்பதைப் போலக் கேட்டாள்.

அத்தை திருட்டுத்தனமாகச் சிரித்தாள். "துர்சுன் சொல்லிட்டானா? உங்க மாமாகிட்டச் சொல்லிடாதே. வெள்ளை உறையில சுத்தி, மடிச்சு, பெட்டிக்குள்ள கிடந்துச்சும்மா. துணியில சுத்தின பச்சைக் குழந்தை மாதிரி. எனக்கு மனசு கேக்கலை, ஒரு மணி குத்திட்டேன். கழண்டு விழுந்துடக் கூடாதுன்னு நல்லா அழுத்தியே குத்தினேன்."

சய்யோரா வெட்டியெடுத்த துண்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"போய்ச் சேந்த என் பிள்ளை இக்ரோமுக்குக் குத்தலையே" என்றாள் அத்தை. மாவை உருட்டுவதை நிறுத்தவில்லை. "சுன்னத்து விருந்தன்னைக்கு ஊரே வந்திருந்துச்சு. புதுச் சட்டை போட்டு, குதிரையில உக்காத்தி வெச்சு, எல்லார் கண்ணும் அவன் மேலதான். நான் வேலை மும்முரத்துல மணி குத்த மறந்துட்டேன். அஞ்சு வயசு. சாயங்காலம் வரைக்கும் ரத்தம் நிக்கவே இல்லை. உன் ரத்தத்துல இருக்கற நோய்தான் பிள்ளைக்கு வந்துச்சுன்னு டாக்டர் பின்னாடி சொன்னாரு. இருக்கட்டும், ரத்தத்தை நான் மாத்த முடியாது. மணி குத்தறது என் கையிலதானே இருந்துச்சு. இந்தத் தடவை மறக்கலை பாத்தியா?"

இதற்கு மேல் அந்த மருமகள் என்னத்தைச் சொல்வாள்? "நல்லது அத்தை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கால்வாய்ப் பாலத்தின் மேல் நின்று, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள். சொன்னால் அத்தை உயிரோடு செத்துப்போவாள். சொல்லாவிட்டால் பஹ்ரோமின் கால் போகும்.

மூன்றரைக்கு மாமாவின் அறைக்குள் போனாள். மேசைமேல் விண்ணப்பம் விரிந்திருந்தது. தொட்டிக்கு ஒரு கட்டம், பைக்கு ஒரு கட்டம்.

"கண்டுபிடிச்சியா?"

"என் தப்பு மாமா. பையில செல்லு விடறதுக்கு முன்னாடி காத்தழுத்தச் சோதனைய ரெண்டு மணி நேரம் பாக்கணும். நாப்பதாவது நிமிஷம் கரண்ட் போச்சு. திரும்ப ஆரம்பிச்சா விதைச் செல்லு வீணாப் போயிடும்னு பயந்து கையெழுத்துப் போட்டுட்டேன். முள் லேசா ஆடுச்சு. வெயிலுக்கு ஆடுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

பொய் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நடந்ததுதான். பதினோரு நாளாக அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

"சோதனை துளையைக் காட்டும். துளை போடாது" என்றார் மாமா. "துளை எங்கேர்ந்து வந்துச்சு?"

மாமா கையை நீட்டினார். வெட்டிய துண்டைக் கொடுத்தாள். அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதருக்கு யாருடைய கை என்று சொல்லவா வேண்டும்?

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. தெரிய வேண்டாம். காரணம் என் கையெழுத்துன்னே இருக்கட்டும். பை தானாக் கெடலை. கேக்கறேன்னு சொன்னீங்களே."

"கேட்டுட்டேன்ம்மா." மாமா பேனாவை எடுத்தார். "பழைய நிலையத்துல என் தொட்டி ஒவ்வொண்ணுக்கும் அவ மணி கட்டினா. பதினோரு தொட்டி. ஒண்ணுக்காவது ஒரு கீறல் விழுந்துச்சா? ஒரு அம்மா ஆசையாக் குத்தின ஊக்குக்கே உயிரை விடற பாத்திரத்தை நம்பி நான் ஊருக்கு மருந்து செய்யறதா? ஊக்கு வெச்சுக்காத அம்மா இந்த ஊர்ல யாரு இருக்கா, சொல்லு!"

உண்மையைச் சொன்னால் பை பிழைக்கும் என்று நம்பி வந்தவள் அவள். உண்மையும் தொட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது.

"மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்..."

"நான் குத்தினதாலயா?"

வாசலில் சலோமத் அத்தை நின்றிருந்தாள். கையில் துணி மூடிய சம்சாத் தட்டு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. தட்டை நிதானமாக மேசையில் வைத்தாள். மேலங்கியில் கையைத் துடைத்தாள்.

மாமா அந்தத் துண்டை விண்ணப்பத்துக்குக் கீழே தள்ளினார். அதுவே பதில் ஆயிற்று.

அவள் அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று சய்யோரா பக்கத்தில் போனாள். அத்தை அவளைக் கையால் விலக்கினாள். புருஷனை மட்டும் பார்த்தாள்.

"தொட்டின்னா எத்தனை வருஷம்?"

"நாலு" என்றார் மாமா.

"நாலு வருஷம் கழிச்சு அவனுக்குக் கால் மடங்குமா?"

"பஹ்ரோமோட அம்மா, நீ போய்..."

"மடங்குமா?"

மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியாம ஊக்குல குத்தினவ நான். நீங்க எல்லாம் தெரிஞ்சு பேனாவால குத்தப்போறீங்க. ரெண்டும் ஒரே பிள்ளை மேலதான் இறங்குது." அத்தையின் குரல் ஏறவே இல்லை. "ஒருத்தனை மண்ணுல வெச்சாச்சு. இவனாவது நடக்கட்டுங்க."

எர்காஷ் மாமா பேனாவைக் கீழே வைத்தார். கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். பேசியபோது அவர் குரல் வயதானவர் குரலாகிவிட்டது.

"கிடங்குல இன்னொரு பை இருக்கில்ல?"

"இருக்கு மாமா!"

"விதைச் செல்லு?"

"உறையவெச்சது ரெண்டு குப்பி இருக்கு."

"நாளைக்கே ஆரம்பி. நான் அவங்க கையில காலுல விழுந்து ஒரு மாசம் கேக்கறேன். அதுக்கு மேல ஒரு நாளும் தர மாட்டாங்க. புதுசாப் பை வரவழைக்கணும்னா நாலு மாசம் ஆகும், அதனால கையில இருக்கறதுதான் கணக்கு. இந்தத் தடவை சோதனையில நானும் உக்காந்து ரெண்டு மணி நேரமும் முள்ளைப் பாக்கறேன்."

சய்யோராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கிடைத்தது! போனது திரும்பக் கிடைத்தது! ஒரு மாதம், ஒரு பை, அது போதும். அத்தையைக் கட்டிக்கொள்ளத் திரும்பினாள்.

அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன அத்தை? அதான் மாமா ஒத்துக்கிட்டாரே."

"ரெண்டும் ஒரே பெட்டியிலதானே வந்துச்சு" என்றாள் சலோமத். "பக்கத்துப் பக்கத்துல படுத்திருந்துச்சு. ஒண்ணுக்குக் குத்திட்டு இன்னொண்ணை வெறுமனே விட்டுட்டுவர எனக்கு எப்படிம்மா மனசு வரும்?"

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. "வாங்க, வாங்க, நல்லா இருக்கீங்களா, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்று துர்சுன் உரக்க வரவேற்றுக்கொண்டிருந்தார். காலடிகள் நெருங்கின. கதவைத் தட்டினார்கள்.

உள்ளே இருந்த மூவரில் ஒருவரும் கதவைத் திறக்கப் போகவில்லை.